‘பை’ மட்டும் போதாது பாஸ்! - பேக்கெட் லேபிள் முதல் பேங்க் எஸ்.எம்.எஸ் வரை... அர்த்தத்தையே மாற்றும் சின்னச் சொற்கள்

சென்ட்ரல் - அரக்கோணம் மார்க்கத்தில் வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது கொரட்டூர் ரயில் நிலையம். மின்சார ரயில் லேட் ஆனால், ஒலிபெருக்கியில் வழக்கமாக ஓர் அறிவிப்பு வரும். தமிழில், ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்பார்கள். ஆங்கிலத்தில், ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்பார்கள்.

கவனித்தீர்களா? தமிழில் வருந்துவதற்கு ‘நாங்கள்’ என்று யாரோ ஒருவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் வருத்தம் மட்டும் இருக்கிறது, வருந்துபவரைக் காணோம். அதுதான் பாஸிவ் வாய்ஸ். தமிழில் செயப்பாட்டு வினை.

பள்ளியில் இதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ‘ராமா கில்ட் ராவணா’ என்பதை ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’ என்று மாற்ற வேண்டும். ‘பை’ போட்டால் மார்க். பெரும்பாலானவர்களுக்கு பாடம் அதோடு முடிந்தது.

ஆனால், வேலைக்குப் போன பிறகு வருகிற ஆங்கிலத்தில் ‘பை’ மட்டும் வருவதில்லை. ‘வித்’ வருகிறது, ‘டு’ வருகிறது, ‘ஃபார்’ வருகிறது, ‘இன்டு’ வருகிறது. வினைச்சொல் ஒன்றுதான், பின்னால் வரும் சின்னச் சொல் மாறினால் சம்பளம், வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாமே வேறாகிவிடும்.

கொரட்டூரில் இது தினசரி விஷயம். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பாடியின் தொழிற்சாலைகள். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், ஐ.டி அலுவலகத்துக்குப் போகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என எல்லோரும் ஒரே பிளாட்ஃபார்மில் நிற்கும் ஊர். அவர்கள் கையில் வந்து சேரும் கடிதங்களையும் மெசேஜ்களையும் வைத்தே இந்தச் சின்னச் சொற்களைப் புரிந்துகொள்வோம்.

நமக்கு மட்டும் ஏன் குழப்பம்?

தமிழில் பேசும்போது நாம் செயப்பாட்டு வினையைத் தொடுவதே அபூர்வம். ‘அம்மாவால் சாம்பார் வைக்கப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். ‘அம்மா சாம்பார் வெச்சாங்க’ என்பதுதான் பேச்சு. திட்டப்பட்டேன் என்பதற்கு ‘திட்டு வாங்கினேன்’, ஏமாற்றப்பட்டேன் என்பதற்கு ‘ஏமாந்துட்டேன்’ என்போம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல்லும், இந்த மொழிகளில் ஆங்கிலத்தைப் போன்ற முறையான செயப்பாட்டு வினை இல்லை என்றே எழுதினார். ‘படு’ சேர்த்து எழுதுவதெல்லாம் ஏட்டிலும் செய்தியிலும்தான் அதிகம்.

உணர்ச்சிகளைச் சொல்வதில் இடைவெளி இன்னும் பெரிது. தமிழில் ‘எனக்கு நாயைப் பார்த்தா பயம்’, ‘எனக்கு மியூசிக் மேல ஆர்வம்’. ஆங்கிலத்தில் அதே ஆள் ‘ஐ ஆம் ஸ்கேர்ட் ஆஃப் டாக்ஸ்’, ‘ஐ ஆம் இன்டரஸ்டட் இன் மியூசிக்’ என்கிறார். நம்முடைய ‘மேல’ என்ற சொல்லைப் பார்த்து ‘ஆன்’ போட்டால் ‘இன்டரஸ்டட் ஆன்’ என்று தப்பாகிவிடும். ‘அவர்கூட கல்யாணம்’ என்பதில் உள்ள ‘கூட’வைப் பார்த்து ‘மேரீட் வித்’ என்று சொல்வதும் அப்படித்தான். சரியானது ‘மேரீட் டு’.

ஆக, இவை அறியாமையால் வரும் தப்புகள் அல்ல. தமிழ் உருபை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதால் வருபவை.

ஒரு ‘ஆல்’... பல வேலைகள்!

நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் குழப்பத்துக்கான சாவி நம் தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமை ஞாபகம் இருக்கிறதா? ஆல், ஆன், ஒடு, ஓடு. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் பிரிக்கிறது. பள்ளிப் பாடத்தில் கருவியையும் கருத்தாவையும் இன்னும் இரண்டிரண்டாகப் பிரிப்பார்கள். அதை ஆங்கிலத்தோடு வைத்துப் பாருங்கள்.

இயற்றுதற் கருத்தா: ‘சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது.’ நேரடியாகச் செய்தவர். இங்கே ‘பை’.

ஏவுதற் கருத்தா: ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது.’ கரிகாலன் கல் சுமக்கவில்லை, கட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் இதற்கும் ‘பில்ட் பை’ என்றே சொல்லிவிடுவார்கள்.

துணைக்கருவி: ‘உளியால் செதுக்கப்பட்டது.’ உளி ஆள் இல்லை, கருவி. இங்கே ‘வித்’. ‘கார்வ்ட் வித் எ சிஸல்’.

முதற்கருவி: ‘மண்ணால் ஆன பானை.’ மண்ணே பானையாகிவிட்டது. இங்கே ‘மேட் ஆஃப்’.

தமிழில் சிற்பிக்கும் ‘ஆல்’, உளிக்கும் ‘ஆல்’, மண்ணுக்கும் ‘ஆல்’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொற்கள். ‘ஆல்’ என்று மனதில் வந்ததும், ‘இது ஆளா, கருவியா, மூலப்பொருளா?’ என்று ஒரு விநாடி கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘மேட்’ குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. பொருள் உருமாறிவிட்டால் ‘மேட் ஃப்ரம்’. மரத்தால் செய்த நாற்காலியில் மரம் தெரிகிறது, அது ‘மேட் ஆஃப் வுட்’. மரத்திலிருந்து வந்த காகிதத்தில் மரம் தெரியாது, அது ‘மேட் ஃப்ரம் வுட்’. செய்த இடம் ‘மேட் இன்’, யாருக்காக என்றால் ‘மேட் ஃபார்’, மாவு தோசையானால் ‘மேட் இன்டு’.

பேக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் பேக்கெட்டையோ ஷாம்பு பாட்டிலையோ எடுங்கள். ‘மேனுஃபேக்சர்ட் பை’ என்று ஒரு முகவரி இருக்கும். சிலவற்றில் அதன் கீழே ‘மார்க்கெட்டட் பை’ என்று வேறொரு முகவரி இருக்கும். முதலாமவர் தயாரித்தவர், இரண்டாமவர் தன் பிராண்டு பெயரில் சந்தைக்குக் கொண்டுவருபவர். ‘பேக்ட் பை’ என்றால் வேறெங்கோ தயாரானதைப் பையில் போட்டவர். ‘மேனுஃபேக்சர்ட் ஃபார்’ என்றால் கதை தலைகீழ். அந்தப் பெயருக்குரியவர் தயாரிக்கவில்லை, அவருக்காக இன்னொருவர் தயாரித்திருக்கிறார்.

ஆன்லைனில் மிக்ஸி வாங்கினால் பொருளின் பக்கத்தில் ‘சோல்ட் பை’ என்று ஒரு பெயர் இருக்கும். அவர்தான் விற்பனையாளர். ‘ஃபுல்ஃபில்ட் பை’ என்பது பேக் செய்து, வீட்டுக்கு அனுப்பும் வேலையைப் பார்ப்பவர். பில், ரிட்டர்ன் என்று பிரச்னை வந்தால் யார் பெயரைச் சொல்லிப் புகார் கொடுப்பது என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மருந்து அட்டையில் இன்னொரு வேடிக்கை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்துகளில், ‘நாட் டு பி சோல்ட் பை ரீடெயில்’ என்று தொடங்கும் எச்சரிக்கை இருக்கும். இங்கே ‘பை’க்குப் பிறகு ஆள் இல்லை. சில்லறை ‘முறையில்’ விற்பதானால், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அர்த்தம். ‘பை’ என்றாலே ‘ஆல்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வாடகை ‘பை’ உயர்ந்ததா, ‘டு’ உயர்ந்ததா?

பணம் வரும் இடத்தில் ‘பை’ இன்னும் பல வேஷம் போடும்.

உங்கள் வாடகை 12,000 ரூபாய். ‘ரென்ட் வில் பி இன்க்ரீஸ்ட் பை 1,000’ என்றால் இனி 13,000. ‘இன்க்ரீஸ்ட் டு 14,000’ என்றால் இனி மொத்தமே 14,000. ‘பை’ என்றால் எவ்வளவு கூடியது, ‘டு’ என்றால் எங்கே போய் நின்றது. ‘ரெட்யூஸ்ட் பை 500’ என்பதும் ‘ரெட்யூஸ்ட் டு 500’ என்பதும் அப்படித்தான். ஆஃபர் விளம்பரத்தில் முன்னது 500 ரூபாய் தள்ளுபடி, பின்னது விலையே 500 ரூபாய்.

‘டு பி பெய்ட் பை தி டெனன்ட்’ என்றால் குடியிருப்பவர் கட்ட வேண்டும். ‘டு பி பெய்ட் பை தி ஃபிஃப்த்’ என்றால் 5-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ‘பெய்ட் பை செக்’ என்றால் காசோலை மூலம். ஒரே சொல்தான், யாரால், எதற்குள், எப்படி என்று மூன்று அர்த்தம்.

சில வங்கிகளின் எஸ்.எம்.எஸ்ஸில் கணக்கு ‘டெபிடட் பை 500’ என்று வரும். ‘யாரோ 500 என்பவர் எடுத்துவிட்டார்’ என்றில்லை, 500 ரூபாய் குறைந்திருக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதற்கு ‘டெபிடட் ஃப்ரம்’, எந்தக் கணக்குக்கு வந்தது என்பதற்கு ‘கிரெடிட்டட் டு’. பதற்றத்தில் படிக்கும்போது ‘ஃப்ரம்’, ‘டு’ இரண்டையும் மட்டும் தேடுங்கள். பணம் போன திசை தெரிந்துவிடும்.

ஆஃபர் லெட்டரில் தேட வேண்டிய சொல்

தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு இது முக்கியம். ஓர் இளைஞர் பெரிய கம்பெனி வாசலில் நுழைகிறார், அந்தக் கம்பெனியின் சீருடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ‘எம்ப்ளாய்ட் பை’ என்பதற்குப் பிறகு ஒரு கான்ட்ராக்டர் பெயரும், ‘டெப்யூட்டட் டு’ என்பதற்குப் பிறகு அந்தக் கம்பெனி பெயரும் இருக்கலாம். அப்படியென்றால் கடிதத்தின்படி அவருடைய முதலாளி கான்ட்ராக்டர். கம்பெனி, அவர் வேலை பார்க்க அனுப்பப்பட்ட இடம். சம்பளம், பி.எஃப், இ.எஸ்.ஐ பற்றி முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அந்த ‘பை’தான் சொல்கிறது. ‘எம்ப்ளாய்ட் அஸ்’ என்றால் பதவி, ‘எம்ப்ளாய்ட் அட்’ என்றால் இடம், ‘எம்ப்ளாய்ட் த்ரூ’ என்றால் யார் மூலமாக என்பது. கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

இன்டர்வியூவில் அடிக்கடி சறுக்கும் இடம் ‘யூஸ்ட் டு’. நைட் ஷிஃப்ட் பழக்கமா என்று கேட்கிறார்கள். ‘ஐ யூஸ்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால், ஒரு காலத்தில் பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால், எனக்கு நைட் ஷிஃப்ட் பழகிப்போச்சு. ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’. இரண்டும் விட்டுப்போனால் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிராகக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

டிஸ்சார்ஜ் சம்மரியும் பாலிசியும்

மருத்துவமனையிலிருந்து வரும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரி, இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு அடிப்படை. அதில் ‘அட்மிட்டட் வித்’ என்பதற்குப் பிறகு வருவது என்ன தொந்தரவோடு வந்தார் என்பது. ‘டயக்னோஸ்ட் வித்’ என்பதற்குப் பிறகு வருவது டாக்டர்கள் கண்டறிந்த நோய். ‘ட்ரீட்டட் ஃபார்’ என்றால் எந்த நோய்க்குச் சிகிச்சை, ‘ட்ரீட்டட் வித்’ என்றால் எந்த மருந்தால். ‘நோன் கேஸ் ஆஃப் டயாபட்டீஸ்’ என்றிருந்தால், சர்க்கரை ஏற்கெனவே இருப்பதாகப் பதிவாகிறது. முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் பாலிசியில் இந்த ஒரு வரி க்ளெய்மையே பாதிக்கலாம். உண்மையில் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

பாலிசியிலும் சின்னச் சொற்களின் ஆட்சிதான். ‘இன்ஷூர்ட் வித்’ என்றால் எந்த நிறுவனத்தில், ‘இன்ஷூர்ட் அகெய்ன்ஸ்ட்’ என்றால் எந்த ஆபத்துக்கு எதிராக, ‘இன்ஷூர்ட் ஃபார்’ என்றால் எவ்வளவு தொகைக்கு. மழைக்காலத்தில் தண்ணீர் புகும் தெருவில் வீடு இருக்கிறதா? உங்கள் பாலிசியில் ‘அகெய்ன்ஸ்ட்’ என்பதற்குப் பிறகு வரும் பட்டியலில் வெள்ளம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

புகார் கொடுத்தாச்சு... பதில் என்ன சொல்கிறது?

‘பீப்பிள் லாஃப்ட் அட் ஹிம்’ என்பதை மாற்றினால் ‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’. கடைசியில் ‘அட்’ தனியாகத் தொங்குவதுபோல இருப்பதால் பலரும் அதை வெட்டிவிடுவார்கள். வெட்டக் கூடாது. வினையோடு பிறந்த சின்னச் சொல், வாக்கியம் தலைகீழானாலும் கூடவே வரும். ‘தி பேபி இஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்’ என்பதில் ‘ஆஃப்டர்’, ‘பை’ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும் தப்பில்லை. ஒன்று வினைக்குச் சொந்தம், இன்னொன்று பாட்டிக்குச் சொந்தம்.

இதன் அருமை, கொடுத்த புகாருக்கு ஆங்கிலத்தில் பதில் வரும்போது தெரியும்.

‘நோட்டட்’ - குறித்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

‘ஃபார்வர்டட் டு’ - வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். இனி அங்கே கேட்க வேண்டும்.

‘லுக்ட் இன்டு’ - விசாரித்தோம். சரிசெய்துவிட்டதாக அர்த்தமில்லை.

‘அட்டெண்டட் டு’ - கவனித்து, வேலையைப் பார்த்துவிட்டோம்.

‘டிஸ்போஸ்ட் ஆஃப்’ - குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். மனுவையோ வழக்கையோ முடித்து வைத்துவிட்டோம் என்று அர்த்தம். உங்களுக்குச் சாதகமாக முடிந்ததா என்பதை உள்ளே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெருவிளக்கு இன்னும் எரியவில்லை, பதிலில் ‘அட்டெண்டட் டு’ என்று இருக்கிறது என்றால், அந்த வார்த்தையையே மேற்கோள் காட்டி மறுபடி எழுதலாம்.

இதற்கு நேர்மாறாக, சின்னச் சொல்லே வேண்டாத வினைகளும் உண்டு. ‘அதைப் பத்திப் பேசினோம்’ என்பதிலிருந்து ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ வந்துவிடுகிறது. ‘தி இஷ்யூ வாஸ் டிஸ்கஸ்ட்’ என்று நிறுத்தினாலே போதும். ‘மென்ஷன்ட்’ என்பதற்கும் ‘அபௌட்’ தேவையில்லை.

பெயர் எடுப்பதிலும் வித்தியாசம்

‘அம்பத்தூர் இஸ் நோன் ஃபார் இட்ஸ் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’ - எதற்காகப் பேர்பெற்றது என்பது.

‘சென்னை வாஸ் நோன் அஸ் மெட்ராஸ்’ - 1996 வரை எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்பது.

‘ஹி இஸ் நோன் டு மீ’ - எனக்குத் தெரிந்தவர். இங்கேயும் நம் கை ‘நோன் பை’ என்றே எழுதப் பார்க்கும்.

‘ஹி இஸ் நோன் டு தி போலீஸ்’ - இதைப் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலச் செய்திகளில் இதற்கு, ஏற்கெனவே போலீஸ் பார்வையில் இருப்பவர் என்று அர்த்தம்!

செய்தி படிப்பவர்களுக்கு இன்னொன்று. ‘அக்யூஸ்ட் ஆஃப்’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். ‘சார்ஜ்ட் வித்’ என்றால் முறைப்படி வழக்குப் பிரிவு பாய்ந்தவர். ‘கன்விக்டட் ஆஃப்’ என்றால் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவர். மூன்றையும் கலந்து ஃபார்வர்டு செய்தால், ஓர் அப்பாவி வாட்ஸ்அப்பிலேயே குற்றவாளி ஆகிவிடுவார்.

எப்படிப் பழகுவது?

* வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘இன்டரஸ்டட் இன்’, ‘சாட்டிஸ்ஃபைட் வித்’, ‘வொரீட் அபௌட்’, ‘மேரீட் டு’ என்று ஜோடியாகவே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

* ‘ஆல்’ மனதில் வந்தால் ஆளா, கருவியா, மூலப்பொருளா, அளவா, தேதியா என்று கேளுங்கள்.

* சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நிறுவனங்களின் கற்போருக்கான அகராதிகள் இணையத்தில் இலவசம். வினைக்கு எந்தச் சின்னச் சொல் சேரும் என்பதை எடுத்துக்காட்டோடு தருகின்றன.

* குழந்தைகளுக்குச் சொல்லித்தர கைடு வேண்டாம். ஒரு பேக்கெட், ஒரு ரயில் நிலையப் பலகை, ஒரு மின் கட்டண ரசீது போதும். ‘இங்கே பைக்குப் பிறகு யார்?’ என்று கேட்டு விளையாடலாம்.

‘பை’ இல்லாத இடத்தில் உஷார்!

பள்ளியில் ‘பை’ போடாவிட்டால் மார்க் போய்விடும். நிஜ ஆங்கிலத்தில் நிலைமையே வேறு. குவிர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் 1985-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில இலக்கண நூல், ஐந்து பாஸிவ் வாக்கியங்களில் சுமார் நான்கில் செய்தவர் யார் என்றே சொல்லப்படுவதில்லை என்கிறது. ‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்ற பலகையில் யார் தண்டிப்பார் என்று எழுதத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், யார் என்று தெரியாமல் இருப்பதே சிலருக்கு வசதி. 2022-ல் நாடு முழுக்க பலரின் போனுக்கு வந்த மோசடி மெசேஜ் நினைவிருக்கலாம். இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்றது அது. ஆங்கிலத்தில் அது ‘வில் பி டிஸ்கனெக்டட்’ என்று மிரட்டியது. துண்டிப்பவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஃப்ரம் எலெக்ட்ரிசிட்டி ஆபீஸ்’ என்று இருந்தது. ‘வாஸ் நாட் அப்டேட்டட்’ என்று இருக்க வேண்டியது ‘வாஸ் நாட் அப்டேட்’ என்று இருந்தது. இரண்டு பிழையும் நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே இடத்தில்தான்.

இலக்கணம் சரியாக இருந்தால் மெசேஜ் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. மோசடிக்காரர்களும் திருத்திக்கொள்வார்கள். ‘வில் பி பிளாக்ட்’, ‘வில் பி கேன்சல்ட்’ என்று எது வந்தாலும் முதல் கேள்வி ‘பை ஹூம்?’ என்பதாக இருக்கட்டும். பதில் மெசேஜில் இல்லையென்றால், அதிலுள்ள எண்ணை அழைக்காமல், உங்கள் பில்லிலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

யாரால், எதனால், எதற்காக, எவ்வளவு, எதற்குள். இந்த ஐந்து தமிழ்க் கேள்விகள் கையில் இருந்தால் எந்த ஆங்கிலக் கடிதத்தையும் தைரியமாகப் பிரிக்கலாம்.